படகின் முன்பலகை

ஆரணியில் படகு கட்டிய மனிதர் ஜெகநாதன் அண்ணன் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஒருவரை எதிர்வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ரம்பச் சத்தம் கேட்டதே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

நான் தமிழ்வாணன். அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் எல்லாம், நகல் மெஷின் சூடாகிற வரைக்கும் எதிர்வீட்டைப் பார்த்து, "இன்னாது அது, கட்டிலா?" என்று கேட்பார்கள். "படகு" என்பேன். சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன். நம் கமண்டல நாகநதியில் மழைக்கு நாலு நாள் தண்ணீர் ஓடும், மிச்ச நாளெல்லாம் முள்செடிதான். அந்த ஊரில் ஒரு மனிதர் பன்னிரண்டு அடிக்கு பாய்மரப் படகு கட்டினால் சிரிக்காமல் என்ன செய்வது? "இன்னாண்ணா, கப்பல் எப்ப சிங்கப்பூர் கெளம்புது?" என்று தினமும் கேட்டவன் நான்தான். "ஏரி ரொம்பட்டும் தமிழு" என்பார். கோபித்துக்கொண்டதே இல்லை. கோபித்திருந்தால் எனக்கும் விட்டுப்போயிருக்கும்.

ஜெகநாதன் அண்ணனுக்கு அறுபத்தொரு வயது. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவர், இன்றைக்கும் உட்கார்கிறார். பட்டுச் சேலையில் கரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு ஒரு நிறமும் வேண்டுமென்றால் ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவை வாங்கித் திருப்பி விடுவார். கல்யாணம் ஆன மறு மாதத்திலிருந்து அந்தப் பக்கத்து இடம் அண்ணி அபிதகுசாம்பாளுடையது. முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்தார்கள். பேச்சு அதிகம் இருக்காது. அவர் கையை நீட்டும்போது நாடா அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

அந்த முப்பது வருடத்தில் அவர் அண்ணியை வெளியூர் கூட்டிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவை. கல்யாணமான இரண்டாம் வருடம், சொந்தக்காரர்களோடு வேன் பிடித்து ஏலகிரி போனார்கள். அங்கே ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தார்களாம். அண்ணி ஏற ஆசைப்பட்டார். தறியில் ஏற்றிய பாவு நூல் காத்திருக்கிறது, வேன் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அடுத்த தடவை பார்க்கலாம் என்று இவர் சொல்லிவிட்டார். அடுத்த தடவை வரவே இல்லை. எப்போது கேட்டாலும் ஒரு பாவு காத்திருக்கும். பாவு முடிந்தால் தறியிலிருந்து சேலையை அறுத்தெடுக்க வேண்டும். அறுத்தால் அடுத்த பாவு வந்துவிடும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் மகன் விக்னேஷுக்குக் குழந்தை பிறந்தபோது அண்ணி பெங்களூர் போனார். மூன்று மாதம் என்று சொல்லித்தான் பெட்டி கட்டினார். மகனும் மருமகளும் ஆபீஸ் போகிறவர்கள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. மூன்று மாதம் ஒரு வருடமானது, ஒரு வருடம் ஐந்தானது. யாரோடும் சண்டையில்லை. தினமும் காலையில் ஒரு போன் வரும், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா, வை. அண்ணன் கரை வைத்த சேலையை விட்டுவிட்டு, ஒற்றை ஆள் நெய்கிற சேலைக்கு மாறிக்கொண்டார். கரைச் சேலை நெய்த பழைய தறியைப் பிரித்த இடம் ஆறு மாதம் வெறுமனே கிடந்தது. அந்த இடத்தில்தான் படகு வந்து உட்கார்ந்தது.

செல்போனில் யாரோ வெள்ளைக்காரன் பிளைவுட் பலகைகளைத் தைத்துப் படகு செய்வதை இவர் பார்த்துவிட்டார். பலகை ஓரங்களில் ஓட்டை போட்டு, கம்பியால் தைத்து, இணைப்பு முழுவதும் ஃபைபர் துணி வைத்து ரெசின் பசை தடவினால் படகு. தைக்கிறது என்றதும் இவருக்குக் கை பரபரத்திருக்க வேண்டும். வேலூரிலிருந்து பலகை வந்தது. பாய்க்கு என் கடையில்தான் வந்து நின்றார். யாருடைய ரிசப்ஷனுக்கோ அடித்து, பெயரில் எழுத்துப் பிழை வந்து, அவர்கள் வாங்காமல் போன ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் என்னிடம் கிடந்தது. கொடுத்தேன். முக்கோணமாக வெட்டியதில் மணமக்கள் போய்விட்டார்கள், "வருக வருக" மட்டும் மிஞ்சியது.

படகில் இரண்டு பலகை. பின்பலகையில் சுக்கான் பிடிக்கிறவர், முன்பலகையில் இன்னொருவர். "ஒத்த ஆளுக்குச் சின்னதா கட்டியிருந்தா வேல சீக்கிரம் முடிஞ்சிருக்குமேண்ணா" என்றேன். "ஒத்த ஆளுக்கு எதுக்குப் படகு?" என்றார். எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அண்ணியை ஏற்ற வேண்டும். ஏலகிரியில் இறக்கிவிட்ட ஆசையை இங்கே ஏற்ற வேண்டும். அப்படி ஒரு தடவை ஏறிவிட்டால் மனசு மாறி இங்கேயே இருந்துவிடுவாள் என்றும் அந்த மனிதர் நம்பினார். இதை அவர் என்னிடம் வாய்விட்டே சொன்னார், நானும் சிரிக்காமல் கேட்டேன்.

போன கார்த்திகையில் ஏரி நிரம்பியது. எட்டு வருடம் கழித்து, உபரி வழிகிற கலங்கல் வரை தண்ணீர். அதே வாரம் பெங்களூரிலிருந்து அண்ணியின் போன். ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டில் தங்கை மகள் ஸ்வர்ணலதாவுக்குக் கல்யாணம், முகூர்த்தம் முடிந்து மதியம் ஆரணி வருகிறேன், சாயங்காலம் பஸ், திங்கட்கிழமை அவங்களுக்கு ஆபீஸ். அண்ணன் தெருவைத் தாண்டி என் கடைக்கே வந்து இதைச் சொன்னார். நாலு மணி நேரம் இருக்கிறது, ஏரியை ஒரு சுற்று சுற்ற ஒரு மணி நேரம் போதும் என்று விரல் விட்டு எண்ணினார்.

புதன்கிழமை வெள்ளோட்டம். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஏரியில் லாரி டியூப்பில் மிதந்தபடி வலை போடுகிற சடையன் என்பவர்தான் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். அழகாக மிதந்தது. பாய் விரிந்ததும் நான் கை தட்டினேன், பொய் சொல்வானேன். பத்து நிமிடம் இருக்கும். அண்ணன் குனிந்து பார்த்தார். திரும்பவும் குனிந்தார். அப்புறம் சாப்பாட்டுத் தூக்கின் மூடியால் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார். கரைக்கு இழுத்து வருவதற்குள் கணுக்கால் வரை தண்ணீர்.

"அடி இணைப்பு தொறந்துகிச்சு" என்றார் சடையன். "படகு நல்லாத்தான் கீது. ஒட்டினதுதான் ஒட்டல."

வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் போட்டு, அடி இணைப்பின் ஃபைபர் பட்டையை அண்ணன் நகத்தால் கிளப்பினார். ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே கையோடு வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"கஞ்சி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். ஃபைபர் துணியை வெட்டினால் ஓரம் பிசிறு பிசிறாகப் பிரியும். பிரிகிற இழையைப் பார்த்துக்கொண்டு நெசவுக்காரனால் சும்மா இருக்க முடியுமா? தெருவில் பாவை நீட்டினால் இழை படியக் கஞ்சி போடுவோமே, அது போல அரிசிக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, துணிக்கெல்லாம் பிரஷ்ஷால் தடவி, நிழலில் உலர்த்தி, விறைப்பாக மடிப்புக் கலையாமல் ஒட்டியிருக்கிறார். கஞ்சி குடித்த துணிக்குள் ரெசின் இறங்கவில்லை, மேலே ஏடு மாதிரி நின்றுவிட்டது. தண்ணீர் பட்டதும் கஞ்சி இளகிவிட்டது. அந்த வெள்ளைக்காரன் எல்லாம் சொன்னான், கஞ்சி போடாதே என்று மட்டும் சொல்லவில்லை. அவனுக்கு அப்படி ஒரு மனிதன் இருப்பான் என்று எப்படித் தெரியும்?

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தறிப் பலகையில் போய் உட்கார்ந்தவர், ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

சேத்துப்பட்டு ரோட்டில் கார் பம்பர் ஒட்டுகிற சந்தோஷைக் கூட்டி வந்தேன். அவன் தட்டிப் பார்த்து, உள்ளேயும் வெளியேயும் எல்லாப் பட்டையையும் உரிக்கணும், பலகை நல்லா காயணும், அப்புறம்தான் புதுசு என்றான். "கார்த்திக ஈரத்துல ரெசின் சட்டுனு எறுகாதுண்ணா. மூணு நாள்ல எப்படி? இது பேஜாரு புடிச்ச வேல."

"ஞாயித்துக்கெழம மதியம் வேணும்" என்றார் அண்ணன்.

வியாழக்கிழமை முழுவதும் உரித்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தறியில் பாதி நெய்த சேலை நின்றது. அவர் வாழ்க்கையில் பாவு காத்திருந்து அவர் வேறு வேலை பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். இரண்டு மின்விசிறி, ஒரு பெரிய பல்பு வைத்துப் பலகையைக் காய வைத்தார். என் வீட்டு ஹேர் டிரையரையும் வாங்கிப் போனார். அதை என் மனைவி பரிமளா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். வெள்ளிக்கிழமை வெளிப்பக்கம் ஒட்டினார்கள். சனிக்கிழமை மதியம்தான் அது பிடித்தது. நிமிர்த்தி வைத்து உள்பக்கம் ஒட்டி முடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரம். இந்தத் தடவை துணியின் பிசிறு அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் தண்ணி காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு சந்தோஷ் போனான். ஞாயிறு காலையில் மழைத் தூறல் வேறு. அண்ணன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய் விரல் வைத்துப் பார்த்தார். பிசுபிசுப்பு போகவில்லை.

அண்ணி மதியம் வந்தார். கல்யாண வீட்டுப் பட்டுச் சேலை, தலையில் பூ, கையில் தாம்பூலப் பை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, "இன்னா தமிழு, உங்க அண்ணனுக்குப் பித்து புடிச்சத நீயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். போயிருக்கக் கூடாது, ஆனால் போனேன்.

படகை ஒரு சுற்று சுற்றி வந்தார். கையால் ஓரத்தைத் தடவினார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "எப்ப போலாம்?" என்றார்.

அண்ணன் இன்னொரு தடவை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இன்னும் காயல அபிதா. நாளைக்கு சாயங்காலம் காஞ்சிடும்" என்றார்.

அண்ணி அவரையே பார்த்தார். "முப்பது வருசமா இதத்தான் சொல்றீங்க. பாவு முடியட்டும், சேல அறுக்கட்டும். இப்ப காயட்டும்." குரல் ஏறவே இல்லை.

"ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்."

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஆபீசு. கொழந்தைய யாருகிட்ட உடுவாங்க?"

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்கு அந்த ஃபைபர் துணி மேல்தான் கோபம் வந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உப்புத்தாளைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி சட்டென்று சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகினார். "அந்த ஸ்டூல எடுங்க" என்றார். ஸ்டூல் மேல் ஏறி, ஓரத்தைப் பிடித்து, படகுக்குள் காலெடுத்து வைத்தார். "கீழ கால் படாத, ஒட்டும்!" என்று அண்ணன் கத்தினார். அதற்குள் வலது கால் ஒரு தடவை அடியில் பட்டுவிட்டது. அண்ணி காலை மடக்கிக்கொண்டு முன்பலகையில் உட்கார்ந்தார். "நீங்களும் வாங்க."

அண்ணன் ஏறிப் பின்பலகையில் உட்கார்ந்தார். தறிக்கூடத்தில், சிமெண்ட் தரையில், நாலு முக்காலி மேல் நின்ற படகில் அவர்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தறியில் உட்கார்ந்திருந்த மாதிரியே, பேச்சில்லாமல். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் நிற்க என்னால் முடியவில்லை. எல்லோருக்கும் முன்னால் கிண்டல் செய்து சிரித்தவன் நான்தானே.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் நேராக என் கடைக்கு வந்தார். "செவ்வாக்கெழம காத்தால எறக்கப் போறேன் தமிழு. முன்பலகையில ஒக்கார ஆள் வேணும். நீ வாயேன். துடுப்புகூட போட வேணாம், சும்மா ஒக்காந்தா போதும்."

எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேனர் பாயின் கீழே நான் உட்கார்ந்திருப்பதை யாராவது படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள் என்கிற வெட்கமும் இருந்தது. அதைச் சொல்ல முடியாது. "செவ்வாக்கெழம படவேடு போறேண்ணா, ரேணுகாம்பாளுக்கு வேண்டுதல்" என்றேன். "அப்போ போய்ட்டு வா" என்றார்.

அம்மன் பெயரில் பொய் சொன்னவனுக்குத் தூக்கம் வருமா? செவ்வாய்க்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கே போய்விட்டேன்.

"படவேடு பஸ் வரலண்ணா" என்றேன்.

"அந்தப் பக்கம் பஸ்ஸு அப்படித்தான்" என்றார். பைக் பக்கத்திலேயே நின்றது. அவர் அதையும் பார்த்தார்.

படகு தண்ணீரில் இருந்தது. அவர் பின்னால் உட்கார்ந்ததும் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. "முன்னால எட வேணும். சாக்குல மண்ண ரொப்பிப் போடு" என்றார் சடையன்.

"அவ ஒக்காற எடத்துல மண்ணப் போடச் சொல்றியா?" என்று அண்ணன் சீறினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சடையன் பயந்து இரண்டடி பின்வாங்கினார்.

என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் ஏறியிருப்பேனா? ஏறியிருப்பேன் என்றுதான் இப்போது சொல்லத் தோன்றுகிறது. அவர் கேட்கவில்லை. "தமிழு, ஒரு மூட்ட அரிசி வாங்கியாயேன். பொன்னி. நல்லதா வாங்கு" என்றார். என் பைக்கில் வைத்து ஐம்பது கிலோ மூட்டை கொண்டுவந்தேன். அதை முன்பலகையில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் கயிறு கட்டினார். மூட்டையை இறக்கும்போது, "பாத்து, பாத்து" என்று என் கையைப் பிடித்தார். அடியில் ரெசினில் அண்ணியின் கால் விரல் ஐந்தும் பதிந்து, அப்படியே இறுகியிருந்தது. எல்லா இடமும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியவர் அதை மட்டும் விட்டு வைத்திருந்தார்.

நனையாமல் இருக்கட்டும் என்று செல்போனை என்னிடம் கொடுத்தார். சடையன் தள்ளிவிட்டார். காற்று நல்ல காற்று. "வருக வருக" என்ற பாய் உப்பிக்கொண்டு எங்களைவிட்டுப் போனது. முன்பக்கம் இப்போது தூக்கவில்லை, ஒரே மட்டமாக ஓடியது. "தண்ணி வருதாண்ணா?" என்று கத்தினேன். குனிந்து பார்த்தார், கையை விரித்து இல்லை என்று காட்டினார். அப்புறம் ரொம்ப தூரம் போய்விட்டார்.

கரையில் நின்று பார்த்தேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஒரு கையால் மலைப் பக்கம் காட்டினார், மதகைக் காட்டினார், கொக்குக் கூட்டத்தைக் காட்டினார். தலையை ஆட்டிச் சிரித்தார். அண்ணியோடு போனில் பேசுகிறார் என்றே நினைத்துவிட்டேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அது அடித்தது. தினமும் வருகிற காலை போன்.

"அண்ணி, நான் தமிழ்வாணன். போன் என்கிட்ட கீது. அண்ணன் ஏரியில இருக்காரு."

"எறக்கிட்டாரா? தண்ணி உள்ள வருதா?"

"ஒரு சொட்டு வரல அண்ணி."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. குழந்தை எதற்கோ அழுதது. "தனியாவா போறாரு?" என்றார்.

என்ன சொல்வது? அம்மன் பெயரில் சொன்ன பொய்யே இன்னும் கணக்கில் நின்றது. இன்னொன்று சொல்லத் தைரியம் இல்லை. "முன்பலகையில அரிசி மூட்டைய வச்சிருக்காரு அண்ணி. மண்ணு வைக்கக் கூடாதுன்னுட்டாரு, நீங்க ஒக்காந்த எடமாம். அதுகிட்டதான் பேசிகினே போறாரு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைத்தது கேட்டது.

"இன்னா பேசறாரு?"

"கேக்கல அண்ணி. ரொம்ப தூரம் போயிட்டாரு."

"தறியில ஒக்காந்த வரைக்கும் ஒரு வார்த்த பேசல" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நீயாவது போய் அவரு கூட ஒக்காந்திருக்கக் கூடாதா தமிழு?"

நீங்கள் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். "ஒக்காந்திருக்கலாம் அண்ணி" என்றேன்.